பிலோமினா, க/பெ கண்ணையன்

பிலோமினாவுக்கு இரண்டு பெயர்கள். காலனியில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்தது ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதியது ஒன்று. "மாதா கோயில் பேரு போட்டா சலுகை எதுவும் கிடைக்காது, வேற ஏதாச்சும் சொல்லு" என்று அவர் கேட்டபோது, அவளுடைய அப்பா ஜன்னல் வழியே வயலைப் பார்த்துவிட்டு, "பொன்னின்னு போடுங்க சார்" என்றாராம். அந்தப் பக்கம் அப்போதுதான் பொன்னி நெல் புதிதாக வந்திருந்தது.

அதன்பிறகு அஞ்சாவது முடிக்கிற வரை வருகைப் பதிவேட்டில் மட்டும் அவள் பொன்னி. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும் அந்தப் பெயரில்தான். மற்றபடி வீட்டிலும் தெருவிலும் கோயிலிலும் அவள் பிலோமினா. இருபது வயதில் கண்ணையனைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் காலனிக்கு வந்தபோது பிலோ ஆனாள். கண்ணையன் இந்து. அவன் வீட்டில் அங்காளம்மன் படம் மாட்டிய ஆணிக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடித்து அவளுடைய வேளாங்கண்ணி மாதாவை மாட்டினான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. காலனியில் சொந்தம் கொண்டாடுவதற்கு சாமி குறுக்கே வந்ததில்லை.

ஓட்டு லிஸ்ட் எழுத வந்தவர் வாசலில் நின்று பெயர் கேட்டபோது கண்ணையன் சொன்ன பெயர் பிலோமினா. ஆதார் எடுக்க வந்தவர்கள் சான்றிதழ் கேட்டபோது அவள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது பள்ளிச் சான்றிதழ். இப்படித்தான் ஒரே வீட்டில், ஒரே புருஷனுக்கு, இரண்டு பெண்டாட்டிகள் காகிதத்தில் உட்கார்ந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஓட்டுப் போடுவதை பிலோமினா ஒருமுறைகூட விட்டதில்லை. யார் ஜெயிப்பார்கள் என்பதில் அவளுக்குப் பெரிய அக்கறை இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நிற்கிற அந்த வரிசைதான் அவளுக்குப் பிடிக்கும். முதலில் வந்தவர் முதலில் நிற்பார். அவள் நாற்று நடப் போகிற நிலத்துக்காரர் வீட்டு அம்மா பின்னால் வந்தால் பின்னால்தான் நிற்க வேண்டும். "சீக்கிரமே வந்துட்ட போலக்குதே" என்று அந்த அம்மா கேட்கும். "ஆமாங்க" என்பாள். அவ்வளவுதான். ஆனாலும் விடியும் முன்பே தலைக்குக் குளித்து, ஆறரை மணிக்கெல்லாம் போய் நிற்பாள்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டிருந்த நாளில் பால்வாடி டீச்சர் சங்கவி குடையோடு வந்தாள். ஓட்டு லிஸ்ட்டைத் தீவிரமாகத் திருத்துகிறார்கள் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலனிக்கு அந்த வேலை சங்கவியின் தலையில் விழுந்திருந்தது. பாலிதீன் பையிலிருந்து அச்சடித்த படிவத்தை எடுத்தாள். பிலோமினா, க/பெ கண்ணையன். பக்கத்தில் பதினாறு வருஷத்துக்கு முந்தைய போட்டோ. கன்னம் உப்பி, பொட்டில்லாத நெற்றியோடு, யாரோ அதட்டினதுபோல முழித்துக்கொண்டிருந்தாள்.

"ஜல்தியா கையெழுத்துப் போடு பிலோ. இன்னும் நாப்பது வீடு கெடக்குது."

சங்கவி ஆதார் நம்பரை எழுதிக்கொண்டாள். பிலோமினா ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, தெரிந்த ஒரே கையெழுத்தைப் போட்டாள். பொன்னி. சங்கவி அதைப் பார்த்தாளோ இல்லையோ, மழையில் படிவத்தைப் பைக்குள் சொருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

மார்கழி முடிவில் நோட்டீஸ் வந்தது. பெயரிலும் கையெழுத்திலும் முரண்பாடு உள்ளது, திண்டிவனம் தாலுகா அலுவலகத்துக்கு ஆவணங்களுடன் நேரில் வரவும் என்று இருந்தது. காலனியில் இன்னும் பதினோரு பேருக்கு அதே மாதிரி வந்திருந்தது. பன்னிரண்டுமே மாதா கோயில் பெயர்கள்.

"இதுக்கு இன்னா பேஜாரு?" என்றான் கண்ணையன். அவன் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்குகிறவன். எல்லாவற்றையும் தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பவன். "ரெண்டும் நான்தான்னு எழுதிக் குடுத்துட்டு வா."

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து வந்திருந்த மகள் கலையரசி நோட்டீஸைப் படித்துவிட்டு வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு இருபத்திமூன்று வயது. பரீட்சை எழுதி, அரசாங்க வேலைக்குத் தேர்வாகி, விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. காலனியிலிருந்து அந்த மாதிரி வேலைக்குப் போன முதல் பெண். சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். தகப்பன் பெயர் கண்ணையன், தாய் பெயர் பொன்னி. அந்தச் சான்றிதழ் உண்மைதானா என்று விசாரிக்கச் சொல்லி ஒரு காகிதம் மேலேயிருந்து கீழே வந்துகொண்டிருந்தது.

"அம்மா, நீ ரெண்டும் நான்தான்னு எழுதிக் குடுத்தா அது ரெக்கார்டு ஆயிடும்."

"ஆனா என்னா? ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியலாம். பேப்பருக்குத் தெரியக் கூடாது. அம்மா பேரு பிலோமினான்னு பார்த்தா, கோயில் ரிஜிஸ்டரைக் கொண்டான்னுவாங்க. அதுல என் பேரும் இருக்குது. ஞானஸ்நானம் வாங்கின பொண்ணுக்கு எப்படி இந்துன்னு குடுத்தீங்கன்னு கேப்பாங்க. சர்ட்டிபிகேட்டு போனா வேலையும் போயிடும்."

கண்டமங்கலத்துப் பக்கம் ஒரு பையனுக்கு அப்படி ஆகி, இரண்டு வருஷம் பார்த்த வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னாள். கண்ணையன் எழுந்து வெளியே போய் நின்றான்.

"நான் உன்னப் போவேணாம்னு சொல்லலைம்மா," என்றாள் கலையரசி. "உன் இஷ்டம். ஓட்டு உன்னுது."

பிலோமினா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அழுவாள் என்று தெரிந்தது. தானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்றும் தெரிந்தது. "கஞ்சி ஆறுது, குடி" என்றாள்.

விசாரணை நாளன்று, நெல் காயவைக்கும் வேலைக்குப் போகிற அரிசி மில்லில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். போகாமலேயே இருந்திருக்கலாம். மற்ற பதினோரு பேரில் எட்டுப் பேர் போகவில்லை. போகாவிட்டால் விசாரிக்க வீட்டுக்கு ஆள் அனுப்புவார்களோ என்ற பயம்தான் அவளைக் கிளப்பியது.

தாலுகா அலுவலக வராந்தாவில் பெஞ்சு நிறைந்து தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்து நாற்காலியில் தன் பகுதிப் படிவங்களோடு சங்கவி. அதிகாரிக்கு வயது குறைவு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது.

"உட்காருங்கம்மா."

அவள் உட்கார்ந்தாள். இப்படி ஒரு மேஜைக்கு முன்னால் நாற்காலியில் உட்காரச் சொன்ன அதிகாரியை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

"லிஸ்ட்ல பிலோமினான்னு இருக்கு. கையெழுத்து பொன்னி. ஆதாரும் பொன்னி. ரெண்டு பேரும் நீங்கதானே? ஒண்ணும் பிரச்சினை இல்லை. 'இரண்டு பெயருக்கும் உரியவர் நான் ஒருவரே'ன்னு ஒரு உறுதிமொழி. டைப் பண்ணியே வெச்சிருக்கோம். கையெழுத்துப் போட்டா போதும். வீட்டுக்குப் போயிடலாம்."

காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, பேனாவையும் வைத்தார். நல்ல மனுஷன். திட்டுவார், விரட்டுவார் என்றுதான் அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். விரட்டியிருந்தால் எழுந்து வந்திருக்கலாம்.

"சொல்லுங்கம்மா. ரெண்டும் நீங்கதானே?"

"இல்லைங்க."

சங்கவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லையா? அப்போ பிலோமினா யாரு?"

படிவத்தில் அந்தப் பழைய போட்டோ மேல்நோக்கிக் கிடந்தது. கன்னம் உப்பிய முகம். இப்போது அவளுக்குக் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. மில் களத்து வெயில் முகத்தைக் கறுக்க வைத்திருந்தது.

"அது… அவங்க மொத சம்சாரங்க."

"யாரோட?"

"எங்க வீட்டுக்காரரோட."

"எங்க இருக்காங்க இப்போ?"

"இல்லைங்க. செத்துப் போயிட்டாங்க."

சொல்லிவிட்டாள். வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலத்தான் இருந்தது.

"எப்போ?"

"கொரோனாவுல."

"அப்போ நீங்க ரெண்டாவது சம்சாரம்."

"ஆமாங்க."

அவர் சங்கவியைப் பார்த்தார். "மேடம், உங்க ஏரியா. இறந்தது உங்களுக்குத் தெரியாதா? படிவத்தை இவங்க கிட்டக் குடுத்து வாங்கியிருக்கீங்க."

கலையரசிக்கு மூன்று வயதில் ஆத்திசூடி சொல்லிக்கொடுத்தவள் சங்கவி. தினமும் காலையில் "பிலோ, தண்ணி வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே போகிறவள். அவள் ஒரு நொடி பிலோமினாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு படிவக் கட்டின் மேல் கண்ணை இறக்கிக்கொண்டாள்.

"கவனிக்காம விட்டுட்டேங்க சார். மழையில…"

"இனிமே பார்த்துச் செய்யுங்க."

அவர் படிவத்தில் எதையோ எழுதி, இறந்தவர் என்ற இடத்தில் குறி போட்டார். தகவல் தந்தவர் கையெழுத்து என்று ஓர் இடத்தைக் காட்டினார். பிலோமினா பேனாவை எடுத்து பொன்னி என்று எழுதினாள்.

"நீங்க புதுசா பெயர் சேர்க்கணும்னா பாரம் ஆறு கொடுக்கணும். முன்னாடி எந்த ஊர்ல ஓட்டு இருந்துச்சோ அந்த விவரம் வேணும்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். அவள் வாங்கி மடித்துக்கொண்டாள். முன்னாடி எந்த ஊரிலும் பொன்னி ஓட்டுப் போட்டதில்லை. அதற்கு இன்னொரு பொய், அந்தப் பொய்க்கு இன்னொரு காகிதம். அதை அவள் நிரப்பவே இல்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தாள். சர்க்கரை போட்டார்களா இல்லையா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் கண்ணையன், "இன்னா ஆச்சு?" என்று கேட்டான்.

"முடிஞ்சுது. பேர எடுத்துட்டாங்க."

"இன்னா சொல்லி?"

"உன் மொத பொண்டாட்டி செத்துட்டான்னு சொன்னேன்."

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. அன்றிரவு அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "தே" என்றுதான் கூப்பிட்டான். அதன்பிறகும் பல நாட்கள் அப்படித்தான்.

மாசி மாதம் புது லிஸ்ட் வந்தது. நீக்கப்பட்டவர்கள் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்சா அதைப் படித்துவிட்டு மூச்சிறைக்க ஓடி வந்தாள். அவளுக்கும் மாதா கோயில் பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது லிஸ்டில் ஏறியதில்லை.

"அடியே பிலோ! உன்ன சாவடிச்சு வெச்சிருக்கானுங்கடி! பேருக்கு நேரா இறந்தவர்னு போட்டிருக்குது! எல்லாம் அந்த சங்கவி செஞ்ச வேல."

"உடு அம்சா."

"இன்னாத்த உடுறது? குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருக்கற."

அன்று சாயங்காலமே பால்வாடி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. உயிரோடு இருப்பவளைக் கொன்றவள், காசு வாங்கிக்கொண்டு காலனி ஓட்டையெல்லாம் அழித்தவள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். சங்கவி சத்துமாவுப் பொட்டலங்களை எண்ணி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் தாய்மார்கள் சிலர் பிள்ளைகளை பால்வாடிக்கு அனுப்பவில்லை. பிலோமினா மில்லுக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் போனாள். சங்கவி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பிலோமினா நிற்காமல் போனாள். ஏன் நிற்கவில்லை என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கால் நடந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் புகழேந்தி வந்தான். கட்சிக்காரன், காலனி பூத்துக்கு ஏஜென்ட். கூடவே போனில் படம் பிடிக்க ஓர் ஆளையும் கூட்டி வந்திருந்தான்.

"அக்கா, நீங்க ஓட்டர் கார்டைக் கையில புடிச்சுக்கினு நில்லுங்க. 'நான் உயிரோடதான் இருக்கேன்'னு ஒரு வார்த்தை. நாளைக்கு எல்லா சேனல்லயும் வந்துடும். சங்கவி மேல கலெக்டர்கிட்ட மனு குடுக்கறேன். எப்படி சஸ்பெண்டு ஆவாமப் போறான்னு பாக்கறேன்."

அம்சா உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து கார்டையே எடுத்து வந்துவிட்டாள். அதை பிலோமினாவின் கையில் திணித்தாள். போன் அவள் முகத்துக்கு நேரே நின்றது. மனு போனால் ஃபைலைத் திறப்பார்கள். சங்கவியைக் கேட்பார்கள். சங்கவி எத்தனை நாளைக்கு மழையைச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பாள்?

"புகழு, அந்தாள போவச் சொல்லு."

"எதுக்குக்கா?"

"போவச் சொல்லு, சொல்றேன்."

படம் பிடிக்க வந்தவன் தெருமுனைக்குப் போனதும் அவள் சொன்னாள். "டீச்சர் மேல தப்பு இல்ல. நான்தான் எழுதிக் குடுத்தேன். பிலோமினா செத்துட்டான்னு நான்தான் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

"உனக்கு இன்னா பைத்தியமாடி?" என்றாள் அம்சா.

"கலையரசிக்கு சர்ட்டிபிகேட்டு விசாரணை நடக்குது."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. புகழேந்தியின் தங்கச்சி அந்த வருஷம் நர்சிங் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அம்சாவின் மகன் பாலிடெக்னிக்கில் படித்தான். இரண்டு வீட்டிலும் அதே சான்றிதழ்தான், அதே கோயில் ரிஜிஸ்டர்தான். புகழேந்தி, "மீதிப் பதினோரு பேருமா?" என்று கேட்டான்.

"அவங்களப் பத்தி எனக்குத் தெரியாது. கேக்கவும் கேக்காத."

அவன் போய்விட்டான். மனு போகவில்லை. மறுநாளிலிருந்து பிள்ளைகள் பால்வாடிக்குப் போனார்கள். அம்சா இரண்டு முருங்கைக்காயைக் கொண்டுபோய் சங்கவியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். சேதி காலனி முழுக்கப் போயிருக்க வேண்டும். அதன்பிறகு அந்தப் பட்டியலைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பிலோமினா மட்டும் ஒருநாள் மில்லிலிருந்து திரும்பும்போது பால்வாடி வாசலில் நின்றாள்.

"டீச்சர், ரெண்டு நாளு பார்த்துக்கினு சும்மா இருந்துட்டேன்."

"உடு பிலோ. பொண்ணு எப்படி இருக்குது?"

"இருக்குது."

பங்குனியில் கலையரசியின் சான்றிதழ் சரிதான் என்று பதில் வந்தது. அவள் போன் பண்ணிச் சொன்னபோது பிலோமினா களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். "சரி, நல்லது" என்றாள். போனை இடுப்பில் சொருகிக்கொண்டு மறுபடி கிளறினாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். நெல் காய்ந்ததுதான் மிச்சம்.

ஓட்டுப்பதிவு அன்று விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. தலைக்குக் குளிக்கவில்லை. கண்ணையன் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் தயங்கினான். "நானும் போவல" என்றான்.

"நீ போ. உன் பேரு ஒண்ணுதானே. போ."

வெயில் ஏறுவதற்குள் காலனிப் பெண்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போவதற்காக அவள் வீட்டுப் பக்கம் வந்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அவள் உள்ளே உட்கார்ந்து கேப்பை மாவு சலித்தாள். பிறகு ஏற்கனவே சலித்த மாவையே இன்னொரு தரம் சலித்தாள். அந்த முறை காலனியில் ஓட்டு குறைந்துபோனது என்று சாயங்காலம் புகழேந்தி யாரிடமோ சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்தது. சனங்களுக்கு ஆர்வமில்லை என்று ஊர்க்காரர் ஒருவர் அதற்குக் காரணம் சொன்னார். புகழேந்தி ஆமாம் என்றான்.

கலையரசியை மேல்மலையனூர்ப் பக்கம் ஒரு பூத்துக்குத் தேர்தல் வேலைக்குப் போட்டிருந்தார்கள். பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு மறுநாள் காலை நேரே வீட்டுக்கு வந்தாள். தூக்கமில்லாமல் முகம் வீங்கியிருந்தது. மை வைக்கிற வேலை அவளுக்கு. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நகம் வரைக்கும் கறுத்துக் கிடந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்தக் கையாலேயே சோறு பிசைந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஒரு அம்மா வந்துச்சும்மா. உன் வயசுதான் இருக்கும். கார்டு வெச்சிருந்துச்சு. லிஸ்ட்ல பேரு இல்ல. ஆபீசர் இல்லைன்னுட்டாரு. நான்தான் வாசல் வரைக்கும் கூட்டிக்கினு போய் உட்டேன்."

"ஏதாச்சும் சண்ட போட்டுச்சா?"

"இல்ல. சரிங்கன்னு சொல்லிச்சு."

கலையரசியின் கண்ணிலிருந்து நீர் சோற்றுத் தட்டில் விழுந்தது. பிலோமினா அவள் தலையில் கை வைத்தாள். வைக்க வேண்டும் என்று தெரிந்ததால் வைத்தாள். முடி எண்ணெய் இல்லாமல் சொரசொரவென்று இருந்தது.

"வெயில்ல நடந்தா போச்சு?"

"தெரியலம்மா. நான் உள்ள போயிட்டேன். வரிசை நிறைய இருந்துச்சு."

"ம்."

மகளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். மணி எட்டாகியிருந்தது. மில்லில் இன்று இரண்டு லாரி நெல் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டு நடந்தாள்.